காருக்குக் கூரை உண்டு
வகுப்பில் 1973 எண்ணெய் நெருக்கடியைப் படிக்கிறோம். அரபு நாடுகள் விநியோகத்தைக் குறைக்க, சில மாதங்களில் பீப்பாய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. தேர்வுக்கு இது போதும். எனக்குப் போதவில்லை: அந்த எண்ணெய் விலைக்கும் வீடில்லாமல் தெருவில் படுப்பவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

மலிவான பெட்ரோலை நம்பித்தான் நகரங்கள் இப்படிப் பரந்து விரிந்தன. வேலை ஓரிடம், கட்டுப்படியாகும் வாடகை வேறிடம். எண்ணெய் விலை ஏறினால் பயணச் செலவும் மளிகைச் செலவும் கூடவே ஏறும், கூலி ஏறாது. கையிருப்பு இல்லாதவருக்கு இழுபறியாவது வாடகைதான். வீடில்லாமைக்கு எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. நோய், வேலையிழப்பு, வீட்டுப் பற்றாக்குறை எல்லாம் உண்டு.

ஆனால் மேம்பாலத்தின் கீழே பாருங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார் ஒருவர். எதிரே பலமாடி வாகன நிறுத்துமிடம்: விளக்கு, காவலாளி, கூரை, அத்தனையும் காருக்கு! பின்லாந்து 2008 முதல் ‘முதலில் வீடு, மற்றவை பிறகு’ என்ற கொள்கையால் வீடற்றோர் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. புதுக் கட்டடத்தில் இத்தனை கார் நிற்க இடம் வேண்டும் என்று பல நகரங்களில் விதி இருக்கிறது. இத்தனை எளிய வீடுகள் வேண்டும் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு முணுமுணுப்பு?