ஒரு பிடி அரிசியும் காற்றாடிமலையும்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் ஒரு சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த கிறிஸ்தவக் குழுவில், பிடியரிசி வாங்கும் பொறுப்பு என்னுடையது. களியக்காவிளைக்குப் பக்கம், கேரள எல்லைக்கு இந்தப் புறம் எங்கள் ஊர். அந்தப் புறத்து உறவுக்காரர்கள் குருவானவரை 'அச்சோ' என்று கூப்பிடுவார்கள், நாங்கள் 'ஃபாதர்' என்போம். மற்றபடி பேச்சும் சாப்பாடும் ஒன்றுதான். பிடியரிசியும் இரண்டு பக்கமும் உண்டு.

உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். "இன்னைக்கு நம்ம வீட்டுல ஒரு ஆள் கூடுதல்" என்று சொல்லிக்கொண்டே என் அம்மா எடுத்து வைப்பாள். வாரக் கடைசியில் அந்த டப்பாவை நான் நீட்டும் சாக்கில் கவிழ்ப்பார்கள். ஒரு வீட்டில் சிவந்த சம்பா, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நீள நீளமாக வெள்ளை அரிசி. தெருக்கோடி வருவதற்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். கையை விட்டு அள்ளினால் எந்த மணி யார் வீட்டு மணி என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த அரிசி ஒரே பதமாக வேகாது. வெள்ளை குழையும்போது சம்பா விறைத்துக்கொண்டு நிற்கும். வாங்கிச் சமைக்கிறவர்களுக்கு அது தெரியும், கொடுக்கிற பலருக்குத் தெரியாது.

அரிசியை வீடுகளுக்குக் கொண்டுபோவது வின்சென்ட் தே பவுல் சபை. 1833ல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அவர் தோழர்களும் தொடங்கியது. அவருக்கு 1997ல் முத்திப்பேறு பெற்றவர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார்கள். காசைக் கொடுத்து அனுப்பிவிடாமல் வீட்டுக்கே போய், உட்கார்ந்து பேச வேண்டும், இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது சபையின் வழக்கம். கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு வெறுங்கையாக எடுப்போம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பை ரொம்பப் பிடிக்கும்.

நாங்கள் போகும் வீடுகளில் ஒன்று ஒரு பாட்டாவும் பாட்டியும் இருக்கும் வீடு. பாட்டா பனையேறியவர். இடுப்பு போய் மூன்று வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். இந்தத் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அரிசியை அளந்து கொடுத்துவிட்டு எழுந்திருக்கும்போது, பாட்டி உள்ளே போய் ஒரு பனையோலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்தால் ஏழெட்டுப் பிடி அரிசி. சிவப்பும் வெள்ளையும் கலந்த அரிசி. நாங்கள் கொடுத்ததிலிருந்தே எடுத்து வைத்தது.

"இது எங்க வீட்டுப் பிடியரிசி. சாக்கைப் பிடி மக்களே" என்றாள்.

"ஐயோ, வேண்டாம் பாட்டி. உங்களுக்குத்தானே கொண்டுவாறோம், நீங்க வச்சுக்கிடுங்க" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. கொட்டானை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு தடவை திருப்பித் திருப்பி அழுத்தினாள். "சரி" என்றாள். அந்த 'சரி' வீட்டுக்கு வந்தும் என் காதிலேயே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பங்குக் கோயிலிலிருந்து புனித தேவசகாயம் நடந்த வழியே ஒரு பயணம் ஏற்பாடாகியிருந்தது. வியாழக்கிழமை சொல்லிக்கொண்டு வரப் போனபோது பாட்டா ஒன்றே ஒன்று கேட்டார்: "முட்டிடிச்சான் பாறைத் தண்ணி ஒரு குப்பி கொண்டுவா மக்களே." பாட்டி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

முதலில் நட்டாலம். வேனில் போனால் எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். 1712 ஏப்ரல் 23ல் இங்கேதான் தேவசகாயம் பிறந்தார். அப்போது அவர் பெயர் நீலகண்ட பிள்ளை. அப்பா வாசுதேவன் நம்பூதிரி, அம்மா தேவகி அம்மா. தாய்வழி முறைப்படி மருமக்கத்தாய நாயர் குடும்பத்தில் வளர்ந்தவர். வசதியான வீடு, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அரண்மனையில் அதிகாரி வேலை, பார்கவி அம்மாள் என்ற மனைவி. இன்றைய கணக்கில் சொன்னால் நல்ல அரசு உத்தியோகம் பார்த்த குடும்பஸ்தர். குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை. இந்திய மண்ணில் பிறந்த பொதுநிலையினரில் முதல் புனிதர் இவர்தான். நட்டாலத்தில் முழந்தாளிட்டபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்: சமையல், சம்பளம், சொந்தக்காரர் கல்யாணம் என்று நம்மைப் போலவே வாழ்ந்தவர்.

அங்கிருந்து புலியூர்க்குறிச்சி. வழியில் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திரும்பும் சாலை வரும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். 1956 நவம்பர் 1ல் எல்லைக்கோடு மாறியபோது ஏற்பட்ட ஏற்பாடு. நாங்கள் அங்கே இறங்கவில்லை. உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறைக்கு மட்டும் போனோம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் அவர். பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. நீலகண்ட பிள்ளைக்குக் கால்நடை சாவும் பயிர் நஷ்டமுமாக அடுத்தடுத்து அடி விழுந்தபோது, இந்த டிலனாய்தான் அவரை உட்கார வைத்து, எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார். துன்பத்தில் இருப்பவனுக்கு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது, அவ்வளவுதான் தொடக்கம். வீடு சந்திக்கப் போகும் எங்கள் வேலையும் அதுதானே என்று கூட வந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

முட்டிடிச்சான் பாறை அங்கிருந்து பக்கம். தேவசகாயத்தைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காமல், அவர் செபித்துவிட்டு முழங்கை முட்டால் பாறையில் இடித்தார், தண்ணீர் சுரந்தது என்பது இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. பெரிய சுனை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பாறையில் ஒரு சின்னக் குழி, அவ்வளவே. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு தன் பிள்ளையின் நெற்றியில் மூன்று சொட்டு விட்டாள். நான் பாட்டாவின் குப்பியை நிறைத்து, மூடியை இறுக்கித் திருகி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். குப்பி வயிற்றோடு ஒட்டிச் சில்லென்று இருந்தது.

இரவு கோட்டாறு. கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். டிசம்பர் 3 திருவிழாவுக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை விடும் கோயில். ஆனால் இந்தத் தடவை நான் நேராகப் போனது தேவசகாயத்தின் கல்லறைக்கு. சுட்டுக் கொன்று காட்டில் போட்ட உடலின் எலும்புகளைச் சில நாள் கழித்து விசுவாசிகள் எடுத்து வந்து அடக்கம் செய்த இடம். கல்லின் மேல் கை வைத்தேன். எத்தனையோ பேர் கை பட்டு வழவழப்பாகியிருந்தது.

அன்று திருப்பலி மறையுரையில் ஃபாதர் சொன்ன ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. பைபிளில் வரும் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை எடுத்துக்கொண்டார். பஞ்ச காலம், பானையில் கையளவு மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று சுள்ளி பொறுக்குகிறாள். அவளிடம் போய் இறைவாக்கினர் எலியா, முதலில் எனக்கு ஒரு அப்பம் சுட்டுத் தா என்று கேட்கிறார். "கேட்கிறதுக்கு எலியாவுக்கு எப்படி மனசு வந்திருக்கும்? ஆனா அவர் கேட்காம போயிருந்தா அந்த அம்மாவுக்கு என்ன மிச்சம்? கடைசி அப்பமும் சாவும்தான்" என்றார். எனக்குக் கொட்டான் மூடி ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

தேவசகாயத்தை ஏன் பிடித்தார்கள் என்பதை எங்கள் மறைக்கல்வி வகுப்பில் 'மதம் மாறியதால்' என்று ஒரு வரியில் சொல்லிவிடுவோம். அது போதாது என்று எனக்குப் படுகிறது. 1745 மே 14ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்பதன் தமிழ்தான் தேவசகாயம். மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அதன் பிறகு அவர் எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகினார், மனிதரில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று சொன்னார். மேல்சாதியாருக்கு ஆத்திரம் மூண்டது அதில்தான். 1749ல் சங்கிலி. எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்த்தூள் தேய்த்தார்கள் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2022 மே 15ல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரான 'பிள்ளை'யை விட்டுவிட்டு 'தேவசகாயம்' என்று மட்டும் அறிவித்தார்கள். சரியான முடிவு. அவர் உயிரைக் கொடுத்து உதறியதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

சரிசமம் என்றால் நான் கொடுப்பதை மற்றவர் வாங்குவது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர் கொடுப்பதை நான் வாங்குவதும் அதில் உண்டு என்பது கோட்டாற்றில்தான் உறைத்தது. நான் சாக்கைப் பிடிக்காமல் இருந்தபோது, அந்தத் தெருவிலேயே கொடுக்க முடியாத ஒரே வீடு என்று பாட்டியின் வீட்டை நானே ஒதுக்கி வைத்துவிட்டேன். இராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

காலை மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கினோம். ஒழுகினசேரி, வெள்ளமடம், தோவாளை. இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் வழியிலேயே சொல்லிக்கொண்டு போனோம். நின்று செபிக்க ஒரு மின்கம்பம், ஒரு வேப்பமரம், ஒரு பூட்டிய டீக்கடை. தோவாளைக்குள் நுழையும்போது பூச்சந்தை கூடியிருந்தது. இருட்டிலேயே பிச்சியும் மல்லிகையும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் நிலை, இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். அதை அந்தப் பூ வாசத்துக்கு நடுவில் முழந்தாளிட்டுச் சொன்னோம். தலையில் கூடையோடு போன ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்து, குங்குமம் வைத்த நெற்றியோடு கைகூப்பி நின்றுவிட்டு, ஒரு முழம் பிச்சியை எங்கள் சிலுவையில் சுற்றிவிட்டுப் போனாள்.

ஆரல்வாய்மொழியில் காற்று ஆளைத் தள்ளும். கணவாய் அல்லவா, மலைக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள். திருவிதாங்கூருக்கு அந்தக் காலத்தில் இதுதான் கிழக்கு வாசல். வடக்கன்குளம் அதற்கு வெளியே. ஞானஸ்நானம் வாங்க அவர் தாண்டிப் போனது இந்த வாசலைத்தான். 1752 ஜனவரி 14ல் அவரைச் சுட்டுக் கொன்றதும் இதே வாசலில்.

அவரைச் சுட்ட இடமான காற்றாடிமலையில் ஏறும்போது யாரும் பேசவில்லை. மேலே மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் கோயில் மணி போல ஓசை வருகிறது. அவர் விழுந்த நேரத்தில் மலையிலிருந்து பெயர்ந்து விழுந்த பாறை என்று சொல்கிறார்கள். எங்களோடு வந்த பிள்ளைகள் மாறி மாறித் தட்டினார்கள். நான் ஒரு தடவை தட்டினேன். காற்று அந்த ஓசையை உடனே அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாட்டாவுக்கு, பாட்டிக்கு, அம்மாவுக்கு என்று பெயர் சொல்லி வேண்டிக்கொண்டேன். எனக்கென்று வேண்டியது ஒன்றுதான்: பாட்டி இன்னொரு தடவை அந்தக் கொட்டானை எடுக்க வேண்டும்.

ஊர் திரும்பும்போது மணி மூன்று. சனிக்கிழமை. குளித்துவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பாட்டா வீட்டுக்கே முதலில் போனேன். பாட்டா குப்பியை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு மடக்குக் குடித்தார், மீதியைப் பாட்டியிடம் கொடுத்தார். பாட்டி அதை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியில் அப்படியே ஊற்றிவிட்டாள்.

நான் திண்ணையில் உட்கார்ந்து சாக்கின் வாயை விரித்து இரண்டு கையாலும் பிடித்தேன். "பாட்டி, உங்க வீட்டு அரிசி" என்றேன்.

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கொட்டானை எடுத்து வந்தாள். போன வாரத்தை விட நிறைந்திருந்தது, மூடி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கவிழ்க்கவில்லை அவள். பிடி பிடியாக அள்ளி, ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் விட்டாள்.