ஓய்வு பெற்ற மறுநாள் வரும் துணிச்சல்

முன்னாள் அதிகாரி ஒருவர் டிவியில் உட்கார்ந்து அரசை வெளுத்து வாங்கும்போதெல்லாம், "சார், நாற்காலியில் இருந்தப்போ இதையெல்லாம் எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அரவிந்த் சுப்பிரமணியனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபரிலிருந்து 2018 நடுப்பகுதி வரை மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர். பணமதிப்பிழப்பு வந்தது 2016 நவம்பர் 8. அது நாட்டுக்குப் பெரிய, கொடுமையான அதிர்ச்சி என்று அவர் புத்தகத்தில் எழுதியது 2018 கடைசியில், பதவியை விட்ட சில மாதங்களில். அடுத்த ஆண்டு இன்னொன்று: 2011-12 முதல் 2016-17 வரை நாட்டின் பொருளாதார வளர்ச்சி விகிதத்தை அரசுக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2.5 சதவீதப் புள்ளி கூட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் ஏறக்குறைய பாதிக் காலம் அரசின் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையைத் தயாரித்தவரே இவர்தான்! உள்ளுக்குள் சந்தேகம் எழுப்பிக்கொண்டுதான் இருந்தோம் என்கிறார். சரி, இருக்கலாம். அவர் சொல்வது பொய் என்று நான் சொல்லவே இல்லை, கணக்கு சரியா என்பதைக் கணக்கைப் பார்த்துதான் சொல்ல வேண்டும். ஆனால் தியாகி பட்டம் மட்டும் கேட்கக் கூடாது.

பணியில் இருப்பவர் வெளியே வாய் திறக்க முடியாது என்பதும் உண்மைதான். ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளுக்கான 1968 நடத்தை விதிகளில் 7ஆம் விதியே அரசை விமர்சிக்கக் கூடாது என்கிறது. ஆனால் கோப்பில் எதிர்க்குறிப்பு எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லையே? அதனால் இவர்களிடம் நான் தேடுவது அந்தக் குறிப்பைத்தான்.

அது மட்டும் போதுமா என்றால், அங்கேயும் இடிக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மெக்நமாரா, வியட்நாம் போரை மேலும் பெரிதாக்க வேண்டாம் என்று 1967 நவம்பரில் அதிபருக்கு எழுதியே கொடுத்தார். அப்புறம் உலக வங்கிக்குப் போய்விட்டார். தவறு செய்துவிட்டோம் என்று வெளியே சொன்னது 1995இல், புத்தகத்தில். அந்தப் போரில் செத்த 58,000 சொச்சம் அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் அந்தக் குறிப்புக்குப் பிறகு செத்தவர்கள்.

பிரிட்டன் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர்களில் ஒருவரான எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் செய்தது வேறு. ஈராக் படையெடுப்பு சட்டவிரோதம் என்று 2003 மார்ச்சில், போர் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு ஏறக்குறைய 30 ஆண்டு பார்த்த வேலையை விட்டுப் போனார். டிவி பேட்டி, பரபரப்பு எதுவும் இல்லை. அந்தக் கடிதம் 2005இல்தான் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்தது, அதிலும் ஒரு பகுதியை மறைத்துத்தான் கொடுத்தார்கள்.