கயிறு மாட்டிக்கிட்டா கௌரவம் போயிருமா? போடிமெட்டுல ஒரு வீக்எண்ட் ட்ரெய்னிங்

அட்வென்ச்சர் ரேஸிங்னா என்னன்னு நெறைய பேர் கேக்குறாங்க, மொதல்ல அதச் சொல்லிர்றேன். நாலு பேர் ஒரு டீம். நடை, ஓட்டம், மவுண்டன் பைக், துடுப்புப் படகு எல்லாம் மாத்தி மாத்தி வரும், கையில மேப்பும் காம்பஸும்தான், ஜிபிஎஸ் கிடையாது, செக்பாயிண்ட் ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சு நாலு பேரும் ஒண்ணா போய் முடிக்கணும். பெரிய ரேஸ்ல எல்லாம் ஆணும் பொண்ணும் கலந்த டீமாத்தான் இருக்கணும். 2019ல ஃபிஜில நடந்த ஈக்கோ சேலஞ்ச் 671 கிலோமீட்டர், 66 டீம், எவரெஸ்ட் ஏறுன ரெட்டைச் சகோதரிங்க டாஷி, நுங்ஷி மாலிக் இருந்த நம்ம நாட்டு டீமும் அதுல ஓடுச்சு. நாங்க அந்த ரேஞ்சுக்கெல்லாம் போகல. போடில ஆரம்பிச்சு மெட்டு ஏறி, கேரளாப் பக்கம் சூரியநெல்லி வரைக்கும், அவ்வளவுதான்.

சைக்கிள்ல மலையடில இருக்குற முந்தல் தாண்டுனா 17 கொண்டை ஊசி வளைவு, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏத்தம். காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பெல்லாம் எங்களத் தாண்டித் தாண்டிப் போகுது. ஒரு ஜீப்புல இருந்து ஒரு அக்கா தலைய நீட்டி "ஏப்பா, பஸ்ஸுக்குக் காசில்லையா"ன்னு கேட்டுச்சு, உள்ள இருந்த எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னத்தச் சொல்ல.

இங்கதான் கயிறு மேட்டரு வருது. டீம்ல தெம்பா இருக்குறவர் சீட்டுக்குக் கீழ ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டியிருக்கும், பின்னால வர்றவர் அத தன் ஹேண்டில்பார் நடுவுல கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டா முன்னால போறவரோட பலத்துல கொஞ்சம் இவருக்கும் வரும். வெறும் கயிறா இருந்தா வெட்டி வெட்டி இழுக்கும், எலாஸ்டிக்னாதான் பதமா இழுக்கும். ஒரு கையாலயே டக்குனு கழட்டுற மாதிரி இருக்கணும், எறக்கம் வந்தா கண்டிப்பா கழட்டிரணும். பழைய சைக்கிள் டியூப வெட்டியே பண்ணிக்கலாம், கடையில வாங்கணும்னு இல்ல.

ஆனா கயிறு கட்டுறது ஈஸி, அத மாட்டிக்கவோ, பைய அடுத்தவர்கிட்ட குடுக்கவோ சம்மதிக்கிறதுதான் கஷ்டம். எங்க டீம்ல கம்பத்துத் தம்பி ஒருத்தன், ஜிம்முக்குப் போற உடம்பு, ஆறாவது வளைவுலயே மூஞ்சி வெளுத்துப் போச்சு. பின்னாலயே வந்த டீச்சரக்கா கேட்டுச்சு.

"தம்பி, பையக் குடு."

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கும்போதே குடுறா. முடியாமப் போனப்பெறகு பையோட உன்னையும்ல சேத்துத் தூக்கணும்."

குடுக்கல. புலியூத்துகிட்ட போய் உக்காந்துட்டான், நாலு பேரும் நின்னாச்சு. ரேஸ்ல டீம் ஆளுங்களுக்கு நடுவுல 50 மீட்டரோ 100 மீட்டரோ, அதுக்கு மேல இடைவெளி விடக்கூடாதுன்னு ரூல் இருக்கும், அதனால ஒருத்தன் நின்னா டீமே நின்ன மாதிரிதான், மத்த மூணு பேர் எவ்வளவு வேகம்னாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல. என்னையக் கேட்டா புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே இதத்தான் சொல்லித் தரணும், ஓட்டமெல்லாம் தன்னால வந்துரும்.

மத்தியானம் மேப். சர்வே ஆஃப் இந்தியா ஷீட், 1:50,000, அதாவது மேப்ல ரெண்டு சென்டிமீட்டர்னா தரையில ஒரு கிலோமீட்டர், ஒரு உயரக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர். எஸ்டேட் ஓனர்கிட்ட பெர்மிஷன் வாங்கித்தான் ஏலக்காட்டுக்குள்ள போனோம். உள்ள போனா எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி, மேல மரம், கீழ ஆள் உயரத்துக்கு ஏலச்செடி, பத்தடி தள்ளி நிக்கிறவன் தெரிய மாட்டான். ஜீப் ரோட்ட நம்பக்கூடாது, எஸ்டேட்ல புதுசு புதுசா போட்டுக்கிட்டே இருப்பாங்க, மேப்ல இருக்காது. மலையும் ஓடையும் எங்கயும் போகாது, அத நம்பு.

கோச் அண்ணன் சொல்லிக் குடுத்ததுல எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். ஓடைமேல இருக்குற ஒரு சின்னப் பாலத்துக்குப் போகணும்னா நேரா பாலத்தக் குறி வைக்காத. நேரா வச்சு, ஓடைக்கு வந்து, பாலத்தக் காணோம்னா அது இடது பக்கமா வலது பக்கமான்னு தெரியாம முழிப்ப. அதனால வேணும்னே இடது பக்கம் தள்ளி குறி வை, ஓடையத் தொட்டதும் யோசிக்காம வலது பக்கம் திரும்பு, பாலம் வந்துரும். செஞ்சு பாத்தோம், வந்துச்சு! மேப் வச்சிருக்கவர் கட்டைவிரல எப்பவும் இப்ப நிக்கிற எடத்துமேலயே வச்சு நகத்திக்கிட்டே வரணும், இன்னொருத்தர் எவ்வளவு தூரம் வந்தோம்னு தெரிய காலடி எண்ணணும், மத்த ரெண்டு பேரும் வாய மூடிட்டு வரணும். கடைசிதான் முடியல.

அட்டை கடிச்சுச்சு, அதப்பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

குரங்கணி வழியா ஏன் போகலன்னு ஒரு தம்பி கேட்டான். 2018 மார்ச்ல அங்க நடந்த காட்டுத்தீ போடிக்காரங்க யாருக்கும் மறக்காது. காஞ்ச புல்லு, செங்குத்துச் சரிவு, அடியில தீ புடிச்சா மேல ஏறி ஓடித் தப்பிக்க முடியாது. கோடையில அந்தப் பேச்சே வேணாம், மத்த நாள்லயும் வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கிறதில்லன்னு எங்களுக்குள்ள பேசி வச்சிருக்கோம்.

படகுக்கு ஆனயிறங்கல் டேம்னு மொதல்ல ஆசப்பட்டோம், யானை தண்ணி குடிக்க வர்ற எடம்டான்னு கோச் அண்ணன் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ள நடந்து வந்தத 2023ல பாத்த ஊர்க்காரங்க நாங்க, அதுக்குமேல கேள்வி கேக்கல. கீழ எறங்கி வந்து மீன் குத்தகைக்காரர்கிட்ட சொல்லிட்டு ஒரு கண்மாய்ல துடுப்புப் போட்டோம். ரெண்டு பேர் படகுல முன்னால இருக்குறவர் தாளம், பின்னால இருக்குறவர் திருப்பம். டீச்சரக்கா பின்னால, தம்பி முன்னால. கொஞ்ச நேரத்துலயே அவனுக்குத் தோள் செத்துருச்சு, "அக்கா, ஒரு நிமிசம் நீங்க மட்டும் போடுங்க"ன்னு அவனே வாயத் தொறந்து கேட்டான், அக்கா ஒண்ணும் சொல்லாம போட்டுச்சு.

அடுத்தது நைட் நேவிகேஷன். வர்றவங்க ஹெட்லேம்ப், ஸ்பேர் பேட்டரி, விசில், ரெண்டு ஜோடி சாக்ஸ், புளிச்சோறு எடுத்துட்டு வாங்க. எனர்ஜி ஜெல்லுக்குக் காசு கரைக்காதீங்க, கடலமிட்டாயும் உப்புப்போட்ட எலுமிச்சைத் தண்ணியும் போதும். புது ஷூ மட்டும் போட்டுட்டு வந்துராதீங்க, கொப்புளத்துக்கு டேப் ஒட்டியே ராத்திரி பூரா போயிரும்.