மூன்று குருட்டு எலிகள், ஒரு தாலாட்டு: 'கோயிங் மை வே' பார்த்த வாரம்

மார்ச் 10, ஞாயிறு

பேரி ஃபிட்ஸ்ஜெரால்டு பிறந்த நாள் (1888, டப்ளின்). 'கோயிங் மை வே' என்ற ஹாலிவுட் படம் வந்த 1944இல் அவருக்கு 56 வயதுதான். திரையிலோ தள்ளாத பங்குத்தந்தை ஃபிட்ஸ்கிப்பன். அந்த முதுமை ஒப்பனையில் இல்லை, பேச்சில் இருக்கிறது: பாதியில் நிறுத்தி, முனகி, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கிறார். டப்ளினின் அபே நாடக மேடையில் தேறியவர். எதிரே இளம் பாதிரியாராக பிங் கிராஸ்பி அடக்கி வாசிப்பதால்தான் இது எடுபடுகிறது.

மார்ச் 12, செவ்வாய்

தெருப் பையன்களைப் பாடகர் குழுவாக்கும் பயிற்சி 'த்ரீ பிளைண்ட் மைஸ்' (மூன்று குருட்டு எலிகள்) என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் தொடங்குகிறது. சரியான தேர்வு. ஸ்வரத்தில் முதல் வரி க-ரி-ஸ, அடுத்தது ப-ம-ம-க. ஒரு அணி இரண்டாம் வரிக்குப் போகும்போது மறு அணி முதல் வரியை எடுத்தால் ப-க, ம-ரி, க-ஸ என்று தானாகச் சேர்ந்துவிடும். புதுக் குரல்கள் சறுக்குவது மூன்றாம் வரியில்: சொற்கள் நெருங்குவதால் ஓடிவிடுவார்கள், சேர்க்கை குலையும். அங்கே தாளத்தைக் கையால் தட்டிக் காட்ட வேண்டும்.

மார்ச் 13, புதன்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் பாடகி ரீஸ் ஸ்டீவன்ஸ் பாடியும் படத்தின் தலைப்புப் பாடல் விலைபோகவில்லை. கேட்க வந்த இசைப் பதிப்பாளர் கிளம்பும் நேரத்தில் பையன்கள் பாடும் 'ஸ்விங்கிங் ஆன் எ ஸ்டார்' அவரைத் திரும்ப இழுக்கிறது. சரணத்துக்கு ஒரு விலங்கு: கழுதை, பன்றி, மீன். ஒருமுறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 15, வெள்ளி

1945இல் இதே நாள் ஆஸ்கர் விழா. இந்தப் படத்துக்கு 7 விருதுகள்: படம், இயக்கம் (லியோ மெக்கேரி), நடிகர், துணை நடிகர், மூலக்கதை, திரைக்கதை, பாடல். ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரே வேடத்துக்கு இரண்டு நடிப்புப் பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்டார். அதன்பிறகு அகாடமி விதியை மாற்றியது.

மார்ச் 16, சனி

முடிவு மனதில் தைக்க, நடுவில் வரும் படுக்கையறைக் காட்சியைத் தவறவிடக் கூடாது. மழையில் நனைந்து திரும்பிய கிழவருக்கு இளையவர் ஐரிஷ் தாலாட்டு பாடுகிறார். கடைசியில் பையன்கள் அதையே எடுக்கிறார்கள். அயர்லாந்திலிருந்து வந்த தாய், 45 ஆண்டு பார்க்காத மகனான கிழவரை நோக்கி மெல்ல நடந்து வருகிறாள். அவர் தலை அவள் தோளில் சாய்கிறது. வசனம் இல்லை. எல்லார் கண்ணும் அங்கே இருக்க, கிராஸ்பி இருட்டுக்குள் நடந்துபோகிறார்.