புகையை அளக்கப் போய் எண்ணெயை அளந்த கதை

கப்பல் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கெடுக்க வேண்டும் என்று 2018-ல் சொன்னபோது, புகைபோக்கிக்குள் ஏதோ சென்சார் மாட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் அப்போது ஃபோர்த் இன்ஜினியர். வந்ததோ ஒரு எக்செல் ஃபைல்.

ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போய்வரும், 5,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அந்த வருடம் விதி அமலுக்கு வந்தது. புகையை நேரடியாக அளப்பதும் அதிலுள்ள நான்கு முறைகளில் ஒன்றுதான். எங்களுக்கு வாய்த்தது, எண்ணெய் நிரப்பும்போது தரும் பங்கர் ரசீதும், டேங்கில் மிச்சமிருக்கும் இருப்பும். எரித்த எண்ணெயை டன்னில் கண்டுபிடித்து, கெட்டியான ஹெவி ஃப்யூவல் என்றால் 3.114-ஆல், டீசல் போன்ற கேஸ் ஆயில் என்றால் 3.206-ஆல் பெருக்க வேண்டும். (ஒரு டன் எண்ணெய் எப்படி மூன்று டன் வாயுவாகும் என்று கேட்காதவர்கள் இல்லை. காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனின் எடை அது.)

பெருக்கல் சுலபம். அந்த டன்தான் உயிரை வாங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, குழாயில் ஓடும் எண்ணெயின் கன அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டர் கணக்கையும் போட்டோம். ஒவ்வொரு பயணத்திலும் மீட்டர் 7 சதவீதம் போல அதிகம் காட்டியது. முதல் சந்தேகம் என் சவுண்டிங் மேல், அதாவது டேங்கில் டேப் இறக்கி நான் எடுத்த அளவின் மேல். டேப்பை மறுபடி மறுபடி இறக்கினேன், கப்பல் முன்பின் சாய்ந்திருப்பதற்கான ட்ரிம் திருத்தத்தைச் சரிபார்த்தேன். சவுண்டிங் தப்பு என்றால் ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். இது எப்போதும் ஒரே பக்கம். மீட்டருக்கு வருமுன்பே எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் ஒதுக்கும் கசடா? அப்படியானால் டேங்க் கணக்கு அல்லவா கூட வேண்டும்!

சீஃப் இன்ஜினியர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்.

"மீட்டர்ல ஓடுற எண்ணெய் என்ன சூடு?"

"120 டிகிரி சார்."

"நீ போட்ட டென்சிட்டி?"

ரசீதில் இருந்த 0.985, அதாவது ஒரு கன மீட்டருக்கு 0.985 டன். அது 15 டிகிரிக்கானது. சூட்டில் எண்ணெய் விரிந்துவிடும். 100 கன மீட்டரை நான் 98.5 டன் என்று எழுதியிருந்தேன், உண்மையில் 91 டன்தான் இருக்கும். அந்த ஒரு வரியில் மட்டும், இல்லாத வாயு 20 டன்னுக்கு மேல்!

திருத்தியதும் இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒட்டிவிட்டன. 2019 ஏப்ரல் 30-க்குள் அறிக்கை போக வேண்டும். ஆனால் சரிபார்க்க வந்தவர் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. "துறைமுகத்தில் நின்றபோது பாய்லர் எரித்தது தனியாக எங்கே?" என்றார். லாக் புக்கோடு மறுபடி உட்கார்ந்தேன்.