ஆளில்லாத வீட்டுக்கு ஆள் தேடிய கதை

செங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு முப்பது வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடக்கிறது. பட்டாசாலை (முன்கூடம்) ஓடு ஒரு பக்கமாகச் சரிந்து, மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது, புறவாசல் சுவரில் ஓர் அரசங்கன்று என் மணிக்கட்டு மொத்தத்துக்கு வேர் விட்டிருக்கிறது. நிலைக்கதவு மட்டும் அப்படியே இருக்கிறது. நல்ல தேக்கு, தட்டிப் பார்த்தால் ஓரிடத்தில்கூடச் செல் அரித்த பொத்தல் சத்தம் இல்லை. சின்ன வயதில் அந்தத் திண்ணையில்தான் விளையாடினோம். அதை வாங்கிப் பழுது பார்த்துக் குடியிருக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைகிறேன்.

யாரிடம் வாங்குவது என்பதுதான் கேள்வி. பட்டா எப்போதோ இறந்துபோன ஒரு பெரியவர் பெயரில் இருக்கிறது, வீட்டு வரியும் அவர் பெயரில்தான். "அவங்கள்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க" என்பதற்கு மேல் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? பூட்டை உடைத்து உள்ளே போய், வரியைக் கட்டிக்கொண்டு 12 வருடம் இரு, வீடு உனக்கு என்றார் ஒரு தரகர். காலவரையறைச் சட்டத்தில் 12 வருடக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் உரிமையாளருக்கு எதிராக, எல்லோருக்கும் தெரிய, இடைவிடாமல் அனுபவித்ததை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வரி ரசீதோ பட்டாவோ மட்டும் யாரையும் உரிமையாளர் ஆக்கிவிடாது. அதைவிட, இன்னொருவர் பிறந்த வீட்டை அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வாரிசு இல்லாவிட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் பிள்ளைகள், சகோதரர்கள், பங்காளிகள், பெண்வழி உறவுகள் என்று எந்தக் கிளையிலும் ஒருவர்கூட இல்லை என்றால்தான் அது பேச்சுக்கே வரும்.

வீடு யார் யாருக்குக் கை மாறியது என்று தெரிய வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். இணையத்தில் 1975-லிருந்து தேடினால் அந்த வீட்டுக்கு ஒரு பதிவும் இல்லை. அப்புறம்தான் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் வீட்டின் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர், அதனால் பத்திரத்தின் தலையில் சங்கு முத்திரை, தேதி கொல்லம் ஆண்டு 1118, அதாவது 1942-43. மடிப்பில் எல்லாம் கிழிந்து, தொட்டால் உதிரும் போல இருந்தது. அதில் செக்குபந்தி, அதாவது மனையின் நாலு எல்லைகள், எழுதிய இடத்தில், வடக்கெல்லை இன்னார் மக்கள் இரண்டு பேருடைய வீடும் மனையும் என்று இருந்தது. இரண்டு பேர்! பட்டாவில் இருந்தது அண்ணன் மட்டும். தம்பி வழி ஒன்று முழுசாக இருக்கிறது என்று அந்த ஒரு வரியால்தான் தெரிந்தது. பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள் அந்த வீட்டின் பத்திரம் கிடைக்காவிட்டால் நாலு பக்கத்து வீட்டுப் பத்திரங்களையும் கேட்டுப் பாருங்கள்.

அந்த அண்ணன் தம்பியின் அப்பா பெயர் கிடைத்துவிட்டது, ஆட்கள்? வழி சொன்னது என் ஆச்சி. "எங்க போனாலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைப் பாக்க வருவாங்கல்ல, அங்க போய் நில்லு." அவர்கள் குலதெய்வம் எந்தச் சாஸ்தா என்று விசாரித்து, குடும்பங்கள் கொடுக்கும் கோயில் வரியை எழுதும் நோட்டு வைத்திருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். நோட்டில் கேரளத்துப் புனலூரில் ஒரு முகவரி இருந்தது. உத்திரத்தன்று மதியம், பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்த எழுபது வயது அம்மாவிடம் அந்தப் பெரியவர் பெயரைச் சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "கிணத்தடியில நார்த்தை நின்னுச்சே, இருக்கா?" என்றார். பட்டுப்போய் அடி மட்டும் நிற்கிறது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் அண்ணன் வழிப் பேத்தி. அவருடைய அப்பா புனலூர் காகித ஆலையில் வேலை பார்த்தவர், 1987-ல் ஆலை மூடிய பிறகும் அங்கேயே தங்கிவிட்டார்கள். விற்கக் கூடாது என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. தங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

இரண்டு வழியிலும் சேர்த்து ஆறு பேர். ஐந்து பேர் சம்மதித்துவிட்டார்கள். ஆறாமவர், தம்பி வழிப் பேரன், 1994-ல் பம்பாய்க்குப் போனவர், ஒரு கடிதம்கூட வரவில்லை. ஐந்து பேர் பங்கை மட்டும் எழுதி வாங்கிவிடலாம் என்றார்கள். வாங்கலாம், ஆனால் பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கும் வெளி ஆளுக்கு அவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை கிடையாது என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அப்புறம் பாகப்பிரிவினை வழக்குத்தான் வழி. ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருத சட்டம் இடம் கொடுக்கிறது, அதற்கு அவருடைய அக்காவே நீதிமன்றத்தில் கேட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். அந்த அக்கா மனுவில் கையெழுத்துப் போடும்போது அழுதார். வீட்டு விலைக்காகத் தம்பியைச் செத்தவனாக எழுதுகிறோமே என்று. நான் பேனாவை வாங்கி வைத்துவிட்டேன். முதலில் மும்பையில் தேடுவோம், செய்தித்தாளில் படத்தோடு அறிவிப்புக் கொடுப்போம், அதற்கு ஒரு வருடம் ஆனாலும் சரி என்று பேசி முடித்திருக்கிறோம். செலவு என்னுடையது.

அதுவரை சுவர் தாங்க வேண்டுமே. ஐந்து பேரும் ஓடுகளை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாரல் தொடங்குவதற்குள் பட்டாசாலையை மூடியாக வேண்டும். பிரித்த வீடு ஒன்றிலிருந்து நானூறு பழைய ஓடு வாங்கித் திண்ணையில் அடுக்கியிருக்கிறேன், நாளைக்குக் கொத்தனார் வருகிறார், அரசங்கன்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.