மூணு லட்சத்து ஒரு ரூபா

போன வருசம் ஆவணில விளாங்குடில ஒரு வீடு பாத்தோம். ரெண்டு பெட்ரூம், பின்னாடி ஒரு முருங்கை மரம், விலை 46 லட்சம். மரத்த பாத்ததுமே என் வீட்டம்மா குடியேறிட்டா, எந்த ரூம்ல பீரோ, எங்கிட்டு சாமி படம்னு எல்லாம் முடிவாயிருச்சு, நான்தான் இன்னும் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன்.

புரோக்கர் அண்ணே விடல. "தம்பி, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாய்ங்க, இப்பவே டோக்கன போட்டு வச்சிருங்க"ன்னாரு. அந்த இன்னொரு பார்ட்டிய இன்னைக்கு வரைக்கும் யாரும் பாத்ததில்ல, ஆனா மதுரைல எந்த வீட்ட பாக்கப் போனாலும் அவய்ங்க நமக்கு முன்னாடியே வந்துட்டு போயிருக்காய்ங்க. சரின்னு மறுநாளே வெத்தல பாக்கு தட்டுல இருபது ஐநூறு ரூபா நோட்டும் மேல ஒரு ரூபா காயினும் வச்சு நீட்டுனேன். வீட்டுக்காரரு காயின மட்டும் எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டு சட்டை பையில போட்டாரு, நோட்ட எண்ணாம அப்படியே தம்பிகிட்ட குடுத்தாரு. நல்ல மனுசன்னு அன்னைக்கு நெனச்சேன், இன்னைக்கும் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன், அது ஒரு தனி சோகம்.

ஒரு வாரத்துல அக்ரிமெண்ட். மிச்சம் 2,90,000 பேங்க் வழியா போட்டு ஆக மொத்தம் 3,00,001 அட்வான்ஸ், மூணு மாச கெடு. புரோக்கரு எல்லாத்தையும் கேஷா குடுத்துருங்கன்னு கேட்டாரு, நான் மாட்டேன்னுட்டேன். 2015 ஜூன்ல இருந்து வீடு நிலம் வாங்க விக்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா அட்வான்ஸ் வாங்குனா, வாங்குன ஆளுக்கு அதே அளவு தொகை அபராதம் விழலாம், திருப்பிக் குடுக்கும்போதும் கேஷா குடுக்கக் கூடாது. இதெல்லாம் தெரிஞ்சு புத்திசாலித்தனமா பண்ணல, கையில கேஷ் இல்ல, அவ்ளோதான். பின்னாடி அதுதான் என்னை காப்பாத்துச்சு, பேங்க் ஸ்டேட்மெண்ட்ட யாரும் "நான் வாங்கவே இல்லை"ன்னு சொல்ல முடியாதுல்ல.

லோனுக்கு போனோம். பேங்க்கு பேனல் வக்கீலு பத்திரத்தெல்லாம் வாங்கிட்டு போயி பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. தாய்ப்பத்திரம் அவுங்க அப்பா பேர்ல, அப்பா உயில் எழுதாம இறந்துட்டாரு, வாரிசு சர்டிபிகேட்ல மூணு பேரு இருக்கு, விக்கிறது ரெண்டு பேரு, மூணாவது ஆளு எங்க? மூணாவது ஆளு அக்கா. வாடிப்பட்டில கட்டிக்குடுத்திருக்காங்க. பட்டா அண்ணன் தம்பி ரெண்டு பேரு பேர்ல மாத்தியாச்சு, அதக் காட்டித்தான் எல்லாம் கிளியர்னு எங்ககிட்ட சொன்னது. பட்டால பேரு இருந்தா சொத்து அவருதுன்னு அர்த்தம் ஆகிடாதுங்கிறத அன்னைக்குத்தான் முதல்ல கேக்குறேன். அப்பா சொந்தமா வாங்குன சொத்து, உயில் இல்ல, அப்படின்னா 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு பங்கு. அக்கா தன் பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கணும், இல்லாட்டி கிரயத்துல அவங்களும் கையெழுத்து போடணும், ரெண்டும் இல்லாம லோன் கிடையாதுன்னு பேங்க்ல கையெடுத்து கும்பிட்டு அனுப்பிட்டாங்க. பிராசஸிங் ஃபீஸ், லீகல் ஒபினியனுக்கு கட்டுனது ரெண்டும் வராது, அது முதல் நட்டம்.

வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். "அக்காவுக்கு இருபது பவுன் போட்டு கட்டிக்குடுத்தாச்சு தம்பி, அதுல என்ன பங்கு"ன்னாரு. நம்ம பக்கம் பாதி வீட்ல இதுதான் பேச்சு. நகை போட்டதுல பங்கு தீந்துபோச்சுன்னு அண்ணன் தம்பிகளா முடிவு பண்ணிக்கிறது, அந்த அக்கா தங்கச்சி யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்குறதில்ல, அப்பறம் பதினஞ்சு வருசம் கழிச்சு எவனோ ஒருத்தன் லோனு போடும்போது அது வெடிக்குது, வெடிக்கும்போது மாட்டுறது சம்பந்தமே இல்லாத என்னைய மாதிரி ஆளு.

நானும் வீட்டம்மாவும் ஒரு ஞாயித்துக்கிழம வாடிப்பட்டிக்கே போனோம். அந்தம்மா திண்ணைல முறத்த மடில வச்சு முருங்கைக் கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. யாரு என்னன்னு சொன்னதும் கை நிக்கல, கீரை பாட்டுக்கு உருவிக்கிட்டே "வித்துட்டானா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, நாங்க வாங்குறதா இருக்கோம், நீங்க கையெழுத்து போட்டாத்தான் ஆகும்னேன். அப்பத்தான் நிமுந்து பாத்தாங்க. "எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலயேப்பா. அந்த மரம் எங்க அம்மா நட்டது, தெரியுமா?" அதுக்கு மேல என்ன பேசுறது. காப்பி குடிச்சிட்டு ஒரு கட்டு கீரையோட திரும்பி வந்தோம்.

கெடு முடிய இருபது நாள் இருக்கும்போது வீட்டுக்காரரு போன் பண்ணி, "கெடுவுக்குள்ள முடிக்கலைன்னா அட்வான்ஸ் போயிரும் தம்பி, பத்திரத்துலயே எழுதியிருக்கு பாருங்க"ன்னாரு. எடுத்து பாத்தா எழுதித்தான் இருக்கு, பத்திரத்துல 1 நபர்னா விக்கிறவரு, 2 நபர்னா வாங்குற நான். "நம்மில் 2 நபர் மேற்படி கெடுவுக்குள் கிரையம் பெற்றுக்கொள்ளத் தவறினால் தான் செலுத்திய முன்பணத்தை இழக்க வேண்டியது." எனக்கு அன்னைக்கு நைட்டு தூக்கமே இல்ல. மூணு லட்சம்ங்கிறது எங்களுக்கு நாலு வருச சீட்டுப் பணம்.

எங்க பெரியப்பா மகன் ஒருத்தன் ஒத்தக்கடை பக்கம் ஹைகோர்ட் கிளைல வக்கீலா இருக்கான். அவன்கிட்ட ஓடுனேன். டீக்கடைல நின்னுக்கிட்டே ரெண்டு வடைய தின்னு முடிக்கிற நேரத்துல விசயத்த சொல்லிட்டான், எனக்கு புரிய ஒரு மாசம் ஆச்சு.

நாம எல்லாத்தையும் அட்வான்ஸ்னு ஒரே வார்த்தைல சொல்லிர்றோம்ல, அதுக்குள்ள ரெண்டு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு அச்சாரம், அதாவது நான் பின்வாங்க மாட்டேன்னு ஜாமீனா வைக்கிற பணம். இன்னொன்னு விலைல ஒரு பகுதிய முன்கூட்டியே குடுக்குறது. வாங்குறவன் தப்பு பண்ணி டீல் ஒடஞ்சா முதல்ல சொன்னதத்தான் விக்கிறவரு வச்சுக்கலாம், ரெண்டாவத பொதுவா திருப்பித் தரணும். பேரு என்ன வச்சிருக்காங்கங்கிறத விட அந்தப் பணம் எதுக்கு குடுத்ததுன்னு பத்திரம் சொல்லுதோ அதுதான் கணக்கு. இது 1963லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஃபதே சந்த் கேஸ். 1,12,500 ரூபாய்க்கு ஒரு பங்களா, 1,000 அச்சாரம், அப்பறம் விலைல 24,000 குடுத்தாச்சு, டீல் ஒடஞ்சதும் மொத்தமா 25,000த்தையும் வச்சுக்குவேன்னு விக்கிறவரு நின்னாரு. அந்த ஆயிரத்த மட்டும் வச்சுக்கலாம், 24,000த்த அப்படி அமுக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. அதே நேரத்துல, 2012ல சதீஷ் பத்ரா கேஸ்னு ஒண்ணு, 70 லட்சம் விலைக்கு 7 லட்சம் அச்சாரம், வாங்குறவரு முடிக்கல, முழு 7 லட்சத்தையும் விக்கிறவரு வச்சுக்கலாம்னு தீர்ப்பு. அதனால "கோர்ட்டுக்கு போனா கண்டிப்பா திருப்பி வாங்கிரலாம்"னு டீக்கடைல யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

என் மச்சான் ஆனையூர்ல ஒரு பிளாட்டுக்கு ஐம்பதாயிரம் குடுத்துட்டு அப்பறம் வேற இடம் புடிச்சிருச்சுன்னு விட்டுட்டான், அந்த ஐம்பதாயிரம் போச்சு. ஊரு பூரா அந்த ஓனர திட்டிக்கிட்டு திரிஞ்சான். நான் அவன்கிட்டயே சொல்லிட்டேன், மாப்ள அது நியாயமா போன காசு, உன்னைய நம்பி அந்தாளு ரெண்டு மாசம் வேற யாருக்கும் காட்டாம வச்சிருந்தாருன்னு. அன்னையில இருந்து கொஞ்ச நாளைக்கு பேச்சு இல்ல.

ஆனா என் கதை வேற. பெரியப்பா மகன் பத்திரத்த வாங்கி மூணாவது பக்கத்த திருப்பி விரல வச்சான். "மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் பின்தொடர்ச்சியும் இல்லையென்றும், அப்படி ஏதும் இருப்பின் 1 நபர் தன் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்க வேண்டியது." பத்திரம் எழுதுறவரு எல்லாருக்கும் அப்படியே அடிக்கிற வரி, நானோ வீட்டுக்காரரோ அத படிக்கவே இல்ல. தவறுனது 2 நபர் இல்ல, 1 நபர்தான்னான். சொத்துல இருக்குற குறை தெரிஞ்சிருந்தா வாங்குறவன்கிட்ட சொல்லியே ஆகணும்னு சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்லுது, அக்கா இருக்குறது தம்பிக்கு தெரியாதா என்ன. அதே எனக்கு சிபில் ஸ்கோர் சரியில்லாம லோன் போயிருந்தா கதையே வேற, "லோன் கிடைக்காட்டி அட்வான்ஸ் திருப்பித் தரணும்"னு ஒரு வரி எழுதியிருந்தாத்தான் வாயத் தொறக்கவே முடியும். அந்த ஒரு வரிய எழுதுங்கன்னு கேக்க நமக்கு கூச்சம். முருங்கை மரத்துக்கு கூச்சப்படாம ஆசப்பட்டோம்.

கெடு முடியுறதுக்கு முன்னாடியே வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னான், அதுதான் முக்கியம். மிச்சப் பணத்தோட நான் ரெடி, அக்கா கையெழுத்தோட வாங்க, இல்லைன்னா அட்வான்ஸ திருப்பிக் குடுங்கன்னு. கெடு தாண்டுன பிறகு அனுப்பியிருந்தா "இவரு ரெடியா இல்ல"ன்னு அவுங்க சொல்ல இடம் குடுத்த மாதிரி. கிரயம் பண்ணிக் குடுக்கச் சொல்லி கேஸ் போடுறதா இருந்தா கெடு தேதில இருந்து மூணு வருசம்தான் டயம், அந்தக் கேஸ்ல "இல்லாட்டி அட்வான்ஸ்"னு தனியா கேக்கணும், கேக்காம விட்டா கோர்ட் தானா எடுத்துக் குடுக்காது. 2025ல கூட பெங்களூர் பக்கம் ஒருத்தரு 20 லட்சம் குடுத்து, கேஸ்ல அதக் கேக்காம விட்டு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் கிடைக்கல.

இன்னொன்னு, எங்க அக்ரிமெண்ட்ட ரிஜிஸ்டர் பண்ணல. 2012 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்ல கிரய அக்ரிமெண்ட்ட ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், ஆனா புரோக்கரு "எதுக்கு தம்பி வெட்டிச் செலவு"ன்னாரு, நானும் தலையாட்டிட்டேன். ரிஜிஸ்டர் பண்ணாத அக்ரிமெண்ட்ட கிரயம் கேக்குற கேஸ்ல சாட்சியா காட்டலாம்னு 2023ல நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுலயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா கோர்ட்டுக்கு போகாமலே வேல ஆகணும்னா ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். பண்ணியிருந்தா ஈசில, அதான் வில்லங்கச் சான்றுல, ஏறிரும், அடுத்து வாங்க வர்றவன் ஈசி போட்டா நம்ம பேரு நிக்கும், ரத்து பத்திரத்துல நம்ம கையெழுத்து இல்லாம வீட்டுக்காரரு வேற ஆளுக்கு வித்து முடிக்கிறது கஷ்டம். பணம் தானா வந்து சேரும்.

ஊர்ல "விக்கிறவன் பின்வாங்குனா டபுளா தரணும்"னு ஒரு பேச்சு இருக்குல்ல, அதையும் கேட்டேன். ஆறு லட்சம் வாங்கிரலாம்னு எனக்கும் ஒரு நப்பாசை. பத்திரத்துல எழுதியிருக்கான்னான். இல்லன்னேன். அப்ப அத மறந்துருன்னான். எழுதியிருந்தாலும் கோர்ட் நியாயமான நட்டஈடு எவ்வளவுன்னுதான் பாக்கும், எழுதுன தொகைய அப்படியே தூக்கிக் குடுத்துராதாம்.

நோட்டீஸ் போன பிறகு வீட்டுக்காரரு பத்து நாள் போனே எடுக்கல. அப்பறம் தம்பிதான் வந்தாரு, அண்ணனுக்கு பிரஷர் ஏறிருச்சுன்னாரு. விசயம் என்னன்னா எங்க அட்வான்ஸ அவய்ங்க ஏற்கனவே அண்ணன் மக கல்யாண மண்டபத்துக்கு கட்டிட்டாய்ங்க. அதுதான் இந்த அட்வான்ஸ் கதைல யாரும் சொல்லாத விசயம், சட்டம் நம்ம பக்கம் இருந்தாலும் பணம் அங்க இருக்காது. ஒரு லட்சம் தை மாசம் வந்துச்சு, மாசி கடைசில ரெண்டு லட்சம், ரெண்டும் அக்கவுண்ட்லயே.

கடைசி நாள் அவுங்க வீட்டுக்கு போயி ஒரிஜினல் அக்ரிமெண்ட்ட குடுத்தேன், எல்லாம் பைசல்னு பின்பக்கம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் வச்சுக்கிட்டோம். பணம் கைக்கு வராம ஒரிஜினல குடுத்துராதீங்க, அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ கேட்டு விட்டாய்ங்க. 3,00,000 சரியா வந்துருச்சு. அந்த ஒரு ரூபா காயின் மட்டும் அவர்கிட்டயே இருக்கு, நானும் கேக்கல.

போன வாரம் புரோக்கர் அண்ணே மறுபடி போன் பண்ணாரு. அக்கா கையெழுத்து போடுறாங்களாம், தம்பிங்க நேர்ல போயி கேட்டு அவுங்க பங்குக்கு பணம் பேசி முடிச்சாச்சாம், வீடு இப்ப 50 லட்சமாம், இன்னொரு பார்ட்டி வேற வர்றாய்ங்களாம். வீட்டம்மாகிட்ட சொன்னேன். மரத்துல காய் புடிச்சிருக்கான்னு கேட்டுட்டு, பேச்ச மாத்துற மாதிரி "முதல்ல விடுதலைப் பத்திர காப்பிய அனுப்பச் சொல்லுங்க"ன்னா. ஆடி முடியட்டும் அண்ணேன்னு சொல்லி வச்சிருக்கேன்.